யார் பேரு லிஸ்டுல இருக்கு? வேலைவாய்ப்பும் சமாதானமும் ஒண்ணா ஓட்டற வேலை பத்தி

போன ஞாயித்துக்கிழமை காலைல எங்க தெருப் பையன் ஒருத்தன் கையில ஃபோன வெச்சுக்கிட்டு மாடி ஏறி வந்தான். பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி அவங்க வீடு. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி மேல்படிப்பு) முடிச்சு ஏழெட்டு மாசமா வேலை தேடிட்டு இருந்தவன், ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து ஆஃபர் வந்திருக்கு, போஸ்டிங் அசாம்ல கோக்ராஜார் பக்கம். "அக்கா, இளைஞர் வேலைவாய்ப்பு அப்புறம் சமாதானப் பணி, ரெண்டுக்கும் கோஆர்டினேட்டர்னு போட்டிருக்காங்க, நான் வேலை வாங்கிக் குடுக்கணுமா, சண்டைய நிறுத்தணுமா, எதுன்னே புரியல"ன்னான். பின்னாடியே அவங்கம்மாவும் வந்து நின்னாங்க, "ஏம்மா, அந்தப் பக்கமெல்லாம் துப்பாக்கி வெச்சிருப்பாங்களாமே"ன்னு அவங்களுக்கு அவங்க பயம்.

நான் இந்த வேலைல பதினோரு வருஷமா இருக்கேன், ஆபீஸ் பெங்களூருல, ஃபீல்டு எல்லாம் வெளிய. அன்னிக்கு அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேத்து இங்க எழுதறேன், இந்தத் துறைக்குப் புதுசா வர்றவங்களுக்கு உதவும்.

முதல்ல எல்லாரும் நினைக்கறது என்னன்னா, வேலவெட்டி இல்லாத பசங்கதான் ஆயுதம் எடுக்கறாங்க, கையில ஒரு வேலையக் குடுத்துட்டா கலவரம் தானா அடங்கிடும். கேக்க நல்லா இருக்கு, பாதிதான் உண்மை. வடக்கு உகாண்டா இருபது வருஷம் உள்நாட்டுச் சண்டையில நொந்துபோன ஊரு, அங்க 2008ல அரசாங்கம் இளைஞர்களை குழு குழுவா சேத்து தொழில் கத்துக்கவும் சாமான் வாங்கவும் பணம் குடுத்துச்சு, ஆளுக்கு கிட்டத்தட்ட 380 டாலர் வந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு போய் பாத்தா, பணம் வாங்கினவங்க சம்பாத்தியம் வாங்காதவங்களை விட 38 சதவீதம் ஜாஸ்தி. ரொம்பப் பெரிய விஷயம் அது. ஆனா ஊர்க்காரங்க கூட பழகறது, கோவம், அடிதடி இதுலயெல்லாம் பெரிசா எந்த மாத்தமும் தெரியல. அதாவது பாக்கெட் நிறைஞ்சுது, பக்கத்து வீட்டுக்காரன் கூட இருந்த உறவு அப்படியே கெடந்துச்சு. ஏன்னா ஆயுதம் எடுக்கறவன் வெறும் பசிக்காக எடுக்கறது இல்ல, நிலத்தைப் பிடுங்கிட்டான்னு எடுப்பான், அப்பாவ எல்லார் முன்னாடியும் அடிச்சாங்கன்னு எடுப்பான், கூட்டாளி போனான்னு போவான், சில பேரு பயந்துபோய் தன்னைக் காப்பாத்திக்க போவான். இதுக்கெல்லாம் டெய்லரிங் மெஷின் பதில் ஆகாது.

அதுக்காக வேலையால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லல, அது இன்னொரு பக்கம் போய் விழற தப்பு. லைபீரியால 2003ல போர் முடிஞ்சதுக்கு அப்புறம், முன்னாடி சண்டை போட்டவங்களுக்கு விவசாயப் பயிற்சி குடுத்து விதை, கருவி வாங்க உதவியும் பண்ணாங்க. 2010-11ல பக்கத்து நாடு ஐவரி கோஸ்ட்டுல சண்டை வந்து, கூலிக்கு சண்டை போட ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க. அப்ப அந்தப் பக்கம் தலை வெக்காம இருந்தவங்க யாருன்னா, முக்கியமா "அடுத்த தவணை இன்னும் வரணும்"னு காத்துட்டு இருந்தவங்க. கத்துக்கிட்ட தொழில் மட்டும் போதல, நாளைக்கும் இங்கதான் எனக்கு ஒரு வழி இருக்குங்கற நம்பிக்கை கால கட்டி நிறுத்துச்சு. நம்ம நாட்டுலயும் மாவோயிஸ்ட் பிரச்சினை இருந்த மாவட்டங்கள்ல, மழை பொய்ச்சா கூலி கொறையும், அதுக்கப்புறம் வன்முறை ஏறும்னு ஒரு தொடர்பு இருந்துச்சு, நூறு நாள் வேலைத் திட்டம் வந்த பிறகு அந்தத் தொடர்பு நல்லாவே தளர்ந்து போச்சுன்னு ஆய்வு இருக்கு. ஆக வேலை ஒரு கஷ்டமான வருஷத்தைத் தாண்ட வெக்கும், ஆனா உறவை அதுவா ஒட்ட வெக்காது. வேலைவாய்ப்பு ப்ராஜெக்டையும் சமாதான ப்ராஜெக்டையும் தனித்தனி ஆபீஸ்ல தனித்தனி ஆளு ஓட்டக்கூடாது, ஒண்ணா உக்காந்து ஓட்டணும்னு சொல்றது இதனாலதான், அந்தப் பையனோட போஸ்டுக்கு அர்த்தமும் இதான்.

ஐ.நா. பாதுகாப்பு சபை 2015 டிசம்பர் 9ல 2250ங்கற தீர்மானம் போட்டுச்சு, 18ல இருந்து 29 வயசு வரைக்கும் உள்ள இளைஞர்களை பிரச்சினையா மட்டும் பாக்காதீங்க, சமாதானம் பண்றதுல பங்காளியா சேருங்கன்னு. 2017ல உலகத் தொழிலாளர் அமைப்பும் 205வது பரிந்துரைல வேலையையும் சமாதானத்தையும் சேத்தே பேசுச்சு. இன்டர்வியூக்கு இது தெரிஞ்சா போதும், ஃபீல்டுக்கு தெரிய வேண்டியது வேற.

அது என்னன்னா, திட்டத்துல யாரை சேக்கறோம்ங்கற லிஸ்ட். நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன், ஊர் பேரு வேணாம். அசாம்ல கோக்ராஜார் இருக்கற போடோலாந்து பகுதில ஒரு ஓடை, இந்தக் கரைல ஒரு ஊரு அந்தக் கரைல ஒரு ஊரு. 2012 ஜூலைல அந்தப் பக்கம் போடோ பழங்குடிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவுல பெரிய கலவரம் நடந்து நாலு லட்சம் பேருக்கு மேல வீடு வாசல விட்டு முகாமுக்கு ஓடினாங்க இல்லையா, அந்த வடு ரெண்டு கரைலயும் இருக்கற எடம் இது. நாங்க ஒரு பேட்ச் மோட்டார் வைண்டிங் டிரெய்னிங்குக்கு முப்பது பேரை எடுத்து, பேரை டைப் பண்ணி ஸ்கூல் சுவத்துல ஒட்டினோம். அரை மணி நேரத்துல கூட்டம். ஒரு பெரியவர் முன்னாடி வந்து விரலை வெச்சு பேரு பேரா எறங்கினாரு, அவரு படிச்சது பேரை இல்ல, பேருக்குப் பின்னாடி இருக்கற வீட்டுப் பேரை. அங்க அதை வெச்சே யாரு எந்த சமூகம்னு தெரிஞ்சிடும், பாசுமதாரி, நார்ஜாரின்னா போடோ, முர்மு, ஹெம்ப்ரம்னா சந்தாலி, அலின்னா முஸ்லிம். பக்கத்துல ஒரு பையன் சட்டைப் பைல இருந்து பேனா எடுத்து ஒரு கரைப் பேரு எல்லாத்துக்கும் கீழ கோடு போட்டுக்கிட்டே வந்தான். இருபத்தாறு கோடு. ஒரு வார்த்தை பேசல, பேனாவ மூடி பைல வெச்சுட்டு போயிட்டான். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

நாங்க யாரும் ஒரு பக்கமா எடுக்கணும்னு நினைக்கவே இல்ல. பத்தாவது பாஸ் சர்டிபிகேட், ஆதார், பேங்க் பாஸ்புக் இது மூணும் வேணும்னு ஒரு கண்டிஷன் வெச்சிருந்தோம், எல்லா ப்ராஜெக்ட்லயும் இருக்கற சாதாரண கண்டிஷன்தான். ஆனா லிஸ்டுல பேரு கம்மியா வந்த கரைல வீடு எரிஞ்சப்ப பொட்டியோட காகிதமும் எரிஞ்சு போச்சு, முகாம்ல இருந்த வருஷங்கள்ல நிறைய பசங்களுக்கு ஸ்கூலும் போச்சு. கலவரம் யார்கிட்ட இருந்து எதைப் பிடுங்குச்சோ, அதையே நாங்க தகுதின்னு கேட்டிருக்கோம். மூணு வாரம் பேட்சை நிறுத்தினோம், பணம் குடுக்கறவங்களுக்கு கோவம்தான், மார்ச்சுக்குள்ள செலவு காட்டணுமே. சர்டிபிகேட்டுக்குப் பதிலா ஒரு சின்ன கூட்டல் கழித்தல், ஒரு அளவு பாக்கற டெஸ்ட் வெச்சோம், பாஸ்புக் இல்லாதவங்களுக்கு நாங்களே கூட்டிட்டு போய் கணக்கு தொறந்தோம், புது லிஸ்டை சுவத்துல ஒட்டறதுக்குப் பதிலா சந்தைல ரெண்டு கரை ஆளும் ஒண்ணா நின்னு, எந்தப் பேரு எதனால வந்துச்சுன்னு சத்தமா படிச்சாங்க. ஒரு கோஆர்டினேட்டரோட வேலைல பாதி இந்த லிஸ்டுக்குள்ளதான் இருக்குன்னு நான் அன்னிக்குத்தான் உணர்ந்தேன்.

இதைப் பையன்கிட்ட சொன்னப்ப அவனுக்கு சட்டுனு புரியல, "யாராவது ஒருத்தருக்குப் போனா போகுது, வேலைதானேக்கா"ன்னான். அவனுக்கு நம்ம ஊரு கதையையே சொன்னேன். 1991 டிசம்பர்ல காவிரி கலவரம் வந்தப்ப எனக்கு எட்டு வயசு. எங்க தெருவுல பாதிப் பேரு பூட்டைப் போட்டுட்டு சேலம், தர்மபுரின்னு போயிட்டாங்க. எங்கப்பா போகல. மில்லுல அவரு கூட ஒரே ஷிஃப்ட்ல வேலை செஞ்ச கன்னடக்காரரு ஒருத்தரு, நாங்க அவரை தொட்டப்பான்னுதான் (கன்னடத்துல பெரியப்பா) கூப்பிடுவோம், ரெண்டு ராத்திரி எங்க வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. அவருக்கும் அப்பாவுக்கும் நடுவுல எந்த சமாதானக் கூட்டமும் நடக்கல, பத்து வருஷமா ஒரே மெஷின்ல மாத்தி மாத்தி நின்னாங்க, ஒரே யூனியன்ல சந்தா கட்டினாங்க, ஒருத்தன் சாப்பாட்டை இன்னொருத்தன் தின்னாங்க. இந்தத் துறைல பிரிக்கறது எது, சேக்கறது எதுன்னு ரெண்டு பட்டியல் போடச் சொல்லுவாங்க. மேரி ஆண்டர்சன்னு ஒரு அம்மா பல நாட்டு அனுபவத்தைத் தொகுத்துச் சொன்ன விஷயம் அது, உள்ள வர்ற உதவி ஒண்ணு பிரிவினைய வளக்கும், இல்லன்னா சேத்து வெக்கறதை வளக்கும், ரெண்டுலயும் படாத உதவின்னு ஒண்ணு கெடையாதுங்கறது அதோட சாரம். சேக்கறது எதுங்கற பட்டியல்ல எனக்கு முதல்ல வர்றது அந்த நாற்காலிதான்.

இன்னொண்ணும் சொன்னேன். ஹலசூரு ஏரிக்கிட்ட இருக்கற திருவள்ளுவர் சிலை 1991ல இருந்து பதினெட்டு வருஷம் மூடியே நின்னுது, 2009 ஆகஸ்ட்ல அங்க திறந்தாங்க, அதே வாரம் சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறந்தாங்க. ரெண்டு பக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு நடக்கணும், அதுவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல. லிஸ்டுலயும் அதே கணக்குதான்.

அடுத்தது என்ன தொழில்னு முடிவு பண்றது, இதுல புதுசா வர்றவங்க நிறைய தப்பு பண்றாங்க. அந்தப் பக்கம் பன்னி வளக்கறது நல்ல வருமானம், போடோ வீடுகள்ல காலம் காலமா பண்றது, காகிதத்துல பாத்தா அருமையான திட்டம். ஆனா முஸ்லிம் ஊருக்கு அதுல எடமே இல்ல, பன்னிக் கொட்டகைய எங்க கட்டறதுங்கறதே புது சண்டையா ஆகும். அதை விட்டுடுங்கன்னு சொல்லல, அதைக் குடுக்கறப்ப அதே நாள்ல அந்தப் பக்கத்துக்கு சமமா என்னன்னு யோசிச்சு வெச்சுக்கணும், அதோட நிறுத்தாம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்பி நடத்தற மாதிரி ஒரு தொழிலையும் தேடணும். பாக்கு அப்படி ஒரு பொருள், ஒருத்தன் தோட்டத்துல காய்க்கும், இன்னொருத்தன் வண்டில ஏத்துவான், மூணாவது ஆளு உரிச்சு காய வெப்பான். நெசவும் 'எரி'ங்கற பட்டு வகையும் பொம்பளைங்க கையில இருக்கறது, அவங்களைக் கேக்காம ஆம்பளப் பசங்க கமிட்டி மட்டும் வெச்சு முடிவு பண்ணா ஊருல பாதிய விட்டுட்டோம்னு அர்த்தம்.

இலங்கைல 2009ல போர் முடிஞ்சப்புறம் வடக்குல உலகத் தொழிலாளர் அமைப்பு கூட்டுறவு சங்கங்களோட பண்ண வேலைய இதுக்கு நான் அடிக்கடி சொல்லுவேன். வவுனியா வடக்குல விவசாயிங்க சங்கமா சேந்து ரெட் லேடி பப்பாளி போட்டாங்க, தெற்குல இருக்கற ஏற்றுமதிக் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு பழத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினாங்க. முப்பது வருஷ போருக்கு அப்புறம் வடக்குத் தமிழ் விவசாயியும் தெற்கு வியாபாரியும் பழத்தோட எடை, தரம், வெலைன்னு வாரா வாரம் பேச வேண்டிய கட்டாயம் வந்துச்சு. பப்பாளி அரசியல் உரிமைக் கேள்விய தீக்காது, காணாமப் போன பிள்ளைக்கு பதில் சொல்லாது, அதை நான் நூறு தடவை சொல்லுவேன். ஆனா சங்கம் பேரம் பேசறதுனால விவசாயி கையேந்தி நிக்காம சரிசமமா உக்காந்தாரு, அது பெருசு.

எப்ப எதைச் செய்யறதுங்கறதும் இருக்கு. ஐ.நா. 2009ல போருக்கு அப்புறமான வேலைவாய்ப்புக்குன்னு ஒரு கொள்கை போட்டு மூணு தடம்னு பிரிச்சுது. ஒண்ணு, உடனே கூலி கெடைக்கற வேலை, ரோடு, குளம், ஸ்கூல் ரிப்பேர் மாதிரி. ரெண்டு, அந்த ஊரோட சந்தை, சங்கம், கடன் வசதி இதையெல்லாம் எழுப்பறது. மூணு, நாடு முழுக்க நிலையான நல்ல வேலை வர்ற மாதிரி கொள்கை. ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணுன்னு போகக்கூடாது, மூணையும் முதல் நாள்லயே தொடங்கணும், முதல்ல கூலி வேலை ஜாஸ்தியா இருக்கும் அப்புறம் கொறையும், அவ்ளோதான். நெறைய ப்ராஜெக்ட் முதல் தடத்துலயே நின்னுடுது, ரோடு போட்டாச்சு, ஃபோட்டோ எடுத்தாச்சு, கூலி நின்ன மறுநாள் பசங்க மறுபடி டீக்கடைல.

நேபாளத்துல நடந்ததையும் கேளுங்க. 2006 நவம்பர்ல சமாதான ஒப்பந்தம், ஐ.நா. சரிபாத்த மாவோயிஸ்ட் போராளிங்க 19,602 பேரு முகாம்கள்ல வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. கடைசில மூணு வழி குடுத்தாங்க, ராணுவத்துல சேரலாம், 5ல இருந்து 8 லட்சம் நேபாள ரூபாய் வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம், இல்லன்னா தொழில் பயிற்சியோட மறுவாழ்வுத் திட்டம். 15,000க்கு மேல பணத்தை வாங்கிட்டு போனாங்க. மறுவாழ்வுப் பயிற்சிய எடுத்தவங்க எத்தனை பேரு தெரியுமா, 6 பேரு. அஞ்சாறு வருஷம் கூடாரத்துல காத்துக்கிடந்தவங்க, இனிமே யாரோ டிரெய்னிங் தருவாங்கன்னு ஏன் நம்பணும்? தாமதமா வந்தா நல்ல திட்டத்தைக் கூட யாரும் தொடமாட்டாங்க.

ஆயுதம் போட்டவங்க பத்தி பேசறப்ப இன்னொரு விஷயம் கட்டாயம் சொல்லணும். 2020 ஜனவரி 27ல அரசாங்கமும் போடோ அமைப்புங்களும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம், அதே மாசம் 30ஆம் தேதி போடோ ஆயுதக் குழுக்காரங்க 1,615 பேரு ஆயுதம் ஒப்படைச்சாங்க, பகுதிக்கு 1,500 கோடி ரூபாய் தொகுப்பு அறிவிச்சாங்க. ஒப்படைச்சவங்களுக்கு வழி பண்ணித்தான் ஆகணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதே தெருவுல ஆயுதம் எடுக்காத ஒரு பையன் இருப்பான், கெடச்ச கூலிக்குப் போய் தங்கச்சிய படிக்க வெச்சவன். ஒரு தடவை அப்படி ஒருத்தன் என்கிட்ட ரொம்ப அமைதியா கேட்டான், "தீதீ, நானும் ஒரு துப்பாக்கிய வெச்சிருந்து குடுத்திருந்தா என் பேரும் லிஸ்டுல வந்திருக்குமா"ன்னு. இந்தக் கேள்வி வராத மாதிரி திட்டம் போடணும்னா, ஒப்படைச்சவங்களுக்குன்னு தனி பேட்ச் போடாம ஊருக்குன்னு பேட்ச் போட்டு அதுல அவங்களையும் சேக்கணும், அடிபட்ட குடும்பத்துப் பிள்ளைங்களையும் சேக்கணும். ஒரே வகுப்புல உக்கார வெக்கறது முதல் வாரம் நெருப்பு மாதிரி இருக்கும், அதுக்குத்தான் சமாதான டீம் ஆளு அந்த வகுப்புலயே இருக்கணும், மாசத்துக்கு ஒருதடவை கூட்டம் போட வர்ற ஆளா இருந்தா பத்தாது.

கோஆர்டினேட்டர்னா தெனமும் என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா, யாரு யாரோட பேசலையோ அவங்களை ஒரே மேஜைக்குக் கொண்டு வர்றது. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல ஒரு லிஸ்ட், டிரெய்னிங் சென்டர்ல ஒரு லிஸ்ட், சமாதானக் கமிட்டி கையில ஒரு நோட்டு, பேங்க் மேனேஜர்கிட்ட கடன் விண்ணப்பம் ஒரு கட்டு, இது நாலும் ஒண்ணை ஒண்ணு பாக்கறதே இல்ல. பி.டி.ஓ. ரோடு வேலைய ஆரம்பிக்கற அதே வாரத்துல டிரெய்னிங் சென்டர் பேட்ச் போட்டா பையன் கூலிக்குப் போவானே தவிர வகுப்புக்கு வரமாட்டான், கமிட்டிக்கு தெரிஞ்ச நிலத் தகராறு டிரெய்னிங் சென்டருக்கு தெரியலன்னா எதிரெதிர் குடும்பத்துப் பசங்க ரெண்டு பேரை ஒரே ரூம்ல தங்க வெச்சிடுவாங்க. சிம்பிளா ஒரு வார மீட்டிங், எல்லாரும் வரணும், ஒரே ஒரு மேப், அதுல எந்த ஊருக்கு என்ன போச்சு என்ன போகலன்னு ரெண்டு கலர். வேற பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணும் தேவையில்ல.

நம்ம பெங்களூரும் இந்தக் கதைல இருக்கு. பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் கார்மென்ட்ஸ்ல ஒடிசா, ஜார்க்கண்ட் பொண்ணுங்க எவ்ளோ பேரு, கிராமத்துத் திறன் பயிற்சித் திட்டத்துல தையல் கத்து இங்க பிளேஸ்மென்ட் ஆகி வந்தவங்க நிறைய. மாவோயிஸ்ட் பாதிச்ச 24 மாவட்டங்களுக்குன்னு 2013ல ரோஷ்னின்னு தனியாவே ஒரு திட்டம் தொடங்கினாங்க, 50,000 இளைஞர்கள், அதுல பாதி பொண்ணுங்கன்னு இலக்கு. ஊரை விட்டு வெளிய அனுப்பறதுதான் பிளேஸ்மென்ட்னா அங்க சண்டை என்ன ஆச்சு, ஊருல மிஞ்சறது யாருன்னு கேக்கணும். வெளிய வந்தவங்களும் அதை சுமந்துட்டுதான் வர்றாங்க. 2012 ஆகஸ்ட்ல அந்த அசாம் கலவரத்தை ஒட்டி இங்க வதந்தி கெளம்பி, ஆயிரக்கணக்கான வடகிழக்கு பசங்க சிட்டி ஸ்டேஷன்ல கவுஹாத்தி ஸ்பெஷல் ரயிலுக்கு முண்டியடிச்சாங்க, கூட்டமா எஸ்.எம்.எஸ். அனுப்பறதையே தடை பண்ணாங்க. நான் அன்னிக்கு பிளாட்பாரத்துல நின்னு பாத்தேன், செக்யூரிட்டி யூனிஃபார்ம் கூட கழட்டாம வந்த ஒரு பையன் பையைக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தான். எனக்கு எங்க தெரு பூட்டு போட்ட வீடுங்கதான் ஞாபகம் வந்துச்சு. நான் இந்த வேலைக்கு வந்ததுக்கு அந்த பிளாட்பாரமும் ஒரு காரணம்.

ரிப்போர்ட் பத்தி ஒரு வார்த்தை. எத்தனை பேரு டிரெய்னிங் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலைன்னு எல்லாரும் எண்ணுவாங்க, எண்ணுங்க. அதோட, இருட்டினப்புறம் ஓடையைத் தாண்டி சைக்கிள்ல போவியா, போன வாரம் சந்தைல எதிர்க்கரை ஆளுகிட்ட என்ன வாங்கினே, அவன்கிட்ட கடன் சொல்லி வாங்கினியான்னு கேட்டு அதையும் எழுதுங்க. கடன் சொல்லி வாங்கறான்னா நம்பிக்கை திரும்புதுன்னு அர்த்தம், எந்த சர்வே பாரமும் அதைவிட நல்லா சொன்னதா நான் பாக்கல.

பையன் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டான். முதல் மாசம் எந்த பேட்சும் ஆரம்பிக்காத, யாரு கேட்டாலும் லிஸ்ட் போடாத, சந்தைக்குப் போ, யாரு யாரு பக்கத்துல கடை போடறாங்க, யாரு யாரைத் தாண்டிப் போறாங்கன்னு மட்டும் பாருன்னு சொல்லி அனுப்பினேன். நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருந்தான், "அக்கா, அங்க இருக்கற ஃபீல்டு ஆளுகிட்ட பேசிட்டேன், சந்தை செவ்வாய்க்கிழமையாம், திங்கக்கிழமையே போய் சேர்ற மாதிரி டிக்கெட் போட்டுட்டேன்."